மூன்றாவது கண்ணாடியில் சிவப்பு

யாரையும் நம்பி ஒரு காரியத்தை விட்டுவிட நாகேஸ்வரிக்குத் தெரியாது. மெல்பேர்னுக்கு வந்த புதிதில், விடியற்காலையில் பால்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போகும் போத்தல்களின் வெள்ளித்தாள் மூடிகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்த பிறகுதான் உள்ளே எடுப்பாள். ட்ராம் கண்டக்டர் இறங்கச் சொன்ன இடம் சரிதானா என்று பக்கத்துப் பயணியிடம் கேட்பாள். பயணி சொன்னது சரிதானா என்று இறங்கியதும் தெருப்பெயர்ப் பலகையைப் பார்ப்பாள். டாக்டர் எழுதிக் கொடுத்த குளிசை எதற்கு என்று மருந்துக்கடைக்காரரிடம் தனியாக விசாரித்து, இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால்தான் விழுங்குவாள்.

அவளுடைய கணவர் சிறிதரன் தண்ணீர் விநியோக அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைபவர். அதிகம் வாய் திறக்காத சாது. ஒருநாள் மட்டும், “உமக்குச் சந்தேகப்பட ஒருத்தரும் கிடைக்காட்டி, கடைசியில என்னிலதான் வந்து நிப்பீர்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் ஏன் இன்றைக்குப் பார்த்துச் சிரிக்கிறார் என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள்.

இப்படிப்பட்ட குணத்துக்கென்றே உலகத்தில் ஒரு வேலை இருந்தது. ரிச்மண்டில், ரயில் பாதைக்குப் பின்னாலிருந்த சந்தில், ஒரு மரப்படி ஏறிப் போனால் கமரா திருத்தும் பட்டறை ஒன்று வரும். அதன் சொந்தக்காரர் டொனலன், அறுபதைத் தாண்டிய நெட்டையான மனிதர். கமராக்களின் வயிற்றை அவரே பார்த்துக்கொள்வார். லென்ஸைத் திறந்து உள்ளே படிந்த தூசியைத் துடைத்து மூடித் தருவது நாகேஸ்வரியின் வேலை. கொழும்பில் நில அளவைக் கருவிகள் திருத்தும் இடத்தில் பதினொரு வருடம் அவள் செய்த வேலையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அங்கே அவள் துடைப்பாள், மேலே இருந்தவர் கையெழுத்துப் போடுவார். இங்கே, நாற்பது வயதில், முதன்முதலாக ஒரு மேசையும் ஒரு கதிரையும் அவளுடையவையாக இருந்தன.

கையால் திருப்பிக் குறி வைக்கும் பழைய லென்ஸ் எதுவாக இருந்தாலும் அதற்குள் தூசி போகும். வளையத்தைத் திருப்பத் திருப்பக் குழல் நீண்டும் சுருங்கியும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பத்து வருடம் கடற்கரையிலும் கல்யாண வீட்டிலும் குதிரைப் பந்தயத் திடலிலும் அலைந்த லென்ஸுக்குள் என்னதான் இருக்காது? பூனை மயிர், புகையிலைத் துகள், ஒருதரம் ஒரு முழு எறும்பு. முன்வளையத்தைக் கழற்றி, கண்ணாடிகளை வரிசை தப்பாமல் வெளியே எடுத்து, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஓரத்தில் பென்சிலால் அடையாளம் வைத்து, ரப்பர்க் குமிழால் ஊதி, மூங்கில் குச்சியில் சுற்றிய பஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, மறுபடி அதே வரிசையில் அடுக்கி மூட வேண்டும். ஒரு கண்ணாடி தலைகீழாகப் போனாலும் படம் கலங்கிவிடும். துடைத்தது போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வேலை சரிவராது. நாகேஸ்வரி ஒருநாளும் போதும் என்று நினைத்தவளில்லை.

மூடிய பிறகும் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வளையமும் குழலும் சேரும் இடத்தில் மயிரிழைப் பென்சில் கோடு ஒன்றைக் குறுக்கே போடுவாள். யாராவது அதைத் திறந்து மூடினால் கோட்டின் இரண்டு பாதிகளும் நேராகச் சேராது; லென்ஸ் திரும்பி வந்தால் அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். யார் திறக்கப் போகிறார்கள் என்று டொனலன் கேட்டிருக்கிறார். அவள் கோடு போடுவதை நிறுத்தவில்லை. உள்ளே, குழலின் அடியில், துடைத்த தேதியையும் எழுதி வைப்பாள்.

முதல் நாள் வேலைக்குப் போனபோது டொனலன் அவளுடைய நெற்றியைப் பார்த்து, எங்கேயாவது முட்டிக்கொண்டாயா, மருந்து போட வேண்டுமா என்று கேட்டார். முழுகி, திருநீறு பூசி, அதன்மேல் ஐந்து சத நாணயக் குற்றி அளவில் குங்குமப் பொட்டு வைக்காமல் அவள் படியிறங்கியதே கிடையாது. இது காயமில்லை, கல்யாணம் என்று விளக்கினாள். டொனலன் தலையாட்டினார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஒன்றரை வருடம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அவள் துடைத்து அனுப்பிய ஒரு லென்ஸ்கூடத் திரும்பி வரவில்லை.

1976 மார்ச் மாதத்தில் பட்டறைக்குப் புதுச் சாமான்கள் வந்தன. கண்குழியில் இடுக்கிக்கொள்ளும் பழைய உருப்பெருக்கிக்குப் பதிலாகத் தலையில் மாட்டும் பட்டி வைத்த ஒன்றை டொனலன் அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். கண்ணாடியில் விழுந்த கீறல்களைத் தேய்த்து எடுக்க ஒரு சாணைச் சில்லு வந்தது. அந்தச் சில்லோடு ஒரு ஆளும் வந்தார். பெயர் கல்யாணசுந்தரம். சென்னையில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் பன்னிரண்டு வருடம் கண்ணாடி தேய்த்தவர். இரண்டு பேரும் ஒரே பாஷைக்காரர்கள், பேச்சுத் துணையாக இருக்கும் என்று நினைத்து டொனலன் அவருடைய மேசையை அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் போட்டார். நல்ல மனிதர்கள் செய்யும் பிழைகளில் இதுவும் ஒன்று.

கல்யாணசுந்தரம் வந்த நாளிலிருந்தே நாகேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் “ஆமா, ஆமா” என்பார். அவளை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவார். இவ்வளவு தேனாகப் பேசுகிறவனுக்கு உள்ளே ஏதோ இருக்கும் என்று அவள் நினைத்தாள். அதைவிட, கண்ணாடி தேய்ப்பதற்கு அவர் ஒரு தகரப்பேணியில் செம்பொடி வைத்திருந்தார். மாவைவிட மென்மையான, செங்கல் நிறப் பொடி. தண்ணீரில் குழைத்துக் கம்பளித் துணியில் தடவித் தேய்ப்பார். தூசியே எதிரியாக இருக்கும் அறைக்குள் ஒருவன் பேணி நிறையத் தூசியைக் கொண்டுவந்து வைத்தால் அவளுக்கு எப்படியிருக்கும்? பேணியை மூடி வைக்கச் சொன்னாள். மூடி வைத்தார். இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு மட்டைத் தடுப்பு வைத்தாள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மே மாதம் முதல் லென்ஸ் திரும்பி வந்தது. கல்யாணப் படம் எடுக்கும் ஒருவருடையது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது உள்ளே, மூன்றாவது கண்ணாடியின் ஓரத்தில், சிவப்பாக நாலைந்து துகள்கள் தெரிந்தன. நாகேஸ்வரிக்கு முகம் சுட்டது. அனுப்பும்போது அது சுத்தமாகத்தான் போனது. அவளே டோர்ச் அடித்துப் பார்த்தாள். எங்கேயோ ஓரத் திருகில் ஒளிந்திருந்தது, வளையத்தைத் திருப்பத் திருப்பக் கண்ணாடிக்கு வந்திருக்கிறது. ஜூனில் இன்னொன்று. ஜூலைத் தொடக்கத்தில் மூன்றாவது. எல்லாவற்றிலும் அதே சிவப்பு.

டொனலன் சத்தம் போடுகிறவர் அல்லர். மூன்றாவது லென்ஸை மேசையில் வைத்துவிட்டு, ஒரு பத்திரிகை நிறுவனம் தன்னுடைய இருபது லென்ஸ்களையும் ஆகஸ்டில் இங்கே அனுப்புவதாக இருக்கிறது, இன்னொரு தரம் இப்படி நடந்தால் லென்ஸ் வேலையையே நிறுத்திவிட்டு வெளியே கொடுக்க வேண்டிவரும் என்றார். அதற்கு அர்த்தம் அவளுக்கு விளங்கியது. அந்த மேசை போய்விடும், அந்தக் கதிரை போய்விடும். குசினியில் நின்று சிறிதரனுக்காகக் காத்திருக்கும் வாழ்க்கைதான் மிச்சம். அவளுக்கு மெய்யாகவே பயம் பிடித்தது.

பயம் வந்தால் அழுகிறவர்கள் உண்டு. நாகேஸ்வரி ஆள் தேடுகிறவள். ஆளைத் தேடித் தூரம் போகவும் வேண்டியிருக்கவில்லை. சிவப்புப் பொடி இந்தப் பட்டறையில் ஒரே ஒரு பேணியில்தான் இருக்கிறது. அந்தப் பேணி மார்ச்சில் வந்தது. மார்ச்சுக்கு முன் ஒரு லென்ஸும் திரும்பவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கவனக்குறைவா, வேண்டுமென்று செய்கிறாரா என்பது மட்டும்தான் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க, வேண்டுமென்றே செய்வதாகத்தான் பட்டது. திரும்பி வந்த மூன்றிலும் பென்சில் கோடு நேராகவே இருந்தது; மூடுமுன்பே போட்டிருப்பார் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டாள். அவள் போனால் இரண்டு மேசையும் அவருக்குத்தானே.

அந்த நேரம் பார்த்து அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் சின்னக் கண்ணாடிச் சீசா ஒன்றைக் கொண்டுவந்து தடுப்புக்கு மேலாக நீட்டினார்.

“சிஸ்டர், வீட்ல குடுத்து அனுப்பினாங்க. பொட்டுக்கு வைக்கிற சாந்து. நல்லா ஒட்டும், காஞ்சா உதிராது.”

அவள் வாங்கி, நன்றி சொல்லி, மேசை லாச்சியை இழுத்து அதன் பின்மூலையில் தள்ளிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் சிறிதரனிடம் கொட்டித் தீர்த்தாள். ஒரு ஆம்பிளை, ஊரான் பெண்சாதிக்குப் பொட்டுச் சாந்து கொண்டுவந்து கொடுப்பானா? அவருடைய மனிசிதானே கொடுத்தனுப்பினார் என்று சிறிதரன் சொன்னார். அந்த மனிசியைத் தான் கண்ணாலும் கண்டதில்லை, கண்டிராத ஒருத்திக்குத் தன்மேல் என்ன பாசம் என்று அவள் கேட்டாள். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் சாமான் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்கிறது. அதற்குள் என்ன கலந்திருக்கோ, யார் கண்டது. சிறிதரன் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் முன்பெல்லாம் அரைமணி நேரம் ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவாள். ஜூலை கடைசியில் ஒருநாள் படியிறங்கி, சந்து மூலை வரை போய், சத்தமில்லாமல் திரும்பி ஏறினாள். கதவு இடுக்கால் பார்த்தாள். கல்யாணசுந்தரம் அவளுடைய மேசையின் முன்னால் நின்றார். அவள் காலையில் மூடி வைத்த லென்ஸ் அவருடைய கையில் இருந்தது. அதை விளக்கடியில் சரித்துச் சரித்துப் பார்த்தார்.

அவள் உள்ளே போகவில்லை. மறுபடி கீழே இறங்கி, பத்து நிமிடம் குளிரில் நின்றுவிட்டு, வழக்கம்போலச் சத்தமாகப் படியேறி வந்தாள். லென்ஸ் அதன் இடத்தில் இருந்தது. எடுத்துப் பென்சில் கோட்டைப் பார்த்தாள். இரண்டு பாதிகளும் ஒரு நூலளவு விலகியிருந்தன. பிடித்துவிட்டோம் என்று அவளுக்குச் சந்தோஷம் வந்தது. அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

லென்ஸைத் தூக்கிக்கொண்டு நேரே டொனலனிடம் போய்க் கோட்டைக் காட்டினாள். டொனலன் கல்யாணசுந்தரத்தைக் கூப்பிட்டார். இதைத் திறந்தாயா என்று கேட்டார். திறந்தேன் என்றார் கல்யாணசுந்தரம். ஏன் என்று கேட்டார் டொனலன். கல்யாணசுந்தரம் நாகேஸ்வரியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை, நெற்றிப் பக்கமாகப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கள்ளன் முகத்துக்கு நேரே பார்க்க மாட்டான் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். டொனலன் மூன்று தரம் கேட்டார். பதில் இல்லை. அந்த வெள்ளிக்கிழமையோடு அவருடைய வேலை முடிந்தது.

போகும்போது அவர் செம்பொடிப் பேணியையும் கம்பளித் துணியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றார். “வர்றேன் சிஸ்டர்” என்றார். அவள் ரப்பர்க் குமிழை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி ஒன்றை ஊதிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் அவருடைய மேசையையும் சுவரையும் சில்லையும் மூன்று தரம் ஈரத்துணியால் துடைத்தாள். பத்திரிகைக்காரருடைய இருபது லென்ஸ்களும் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, துடைத்து, மூடி, கோடு போட்டு அனுப்பினாள். இனி ஒரு தொல்லையும் இல்லை என்று இரண்டு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு புதன்கிழமை, அந்த இருபதில் ஒன்று திரும்பி வந்தது.

டொனலன் அதை அவளுடைய மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாகேஸ்வரி முதலில் பென்சில் கோட்டைப் பார்த்தாள். நேராக இருந்தது. யாரும் திறக்கவில்லை. திறந்தாள். உள்ளே தேதியைப் பார்த்தாள். அவள் கையெழுத்து, கல்யாணசுந்தரம் போய் ஆறு நாளுக்குப் பிறகு போட்ட தேதி. மூன்றாவது கண்ணாடியைக் குறட்டால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் சிவப்பு.

அவளுக்கு முதலில் வந்தது டொனலன்மேல் சந்தேகம். பிறகு, சுவர் இடுக்கில் அந்தப் பொடி இன்னும் இருக்கிறதோ என்று நினைத்தாள். அந்தக் கண்ணாடியில் முன்பு துடைத்த பூஞ்சணம் மறுபடி லேசாகத் தலைகாட்டியிருந்ததால், அதற்கென்று வைத்திருந்த வினிகர் கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து ஓரத்தைத் துடைத்தாள். பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள்.

பஞ்சு மஞ்சளாக இருந்தது.

கல்யாணசுந்தரத்தின் மேசைக்கும் சுவருக்கும் நடுவில், துடைத்தபோது கை எட்டாத இடுக்கில், அவர் விட்டுப்போன கம்பளித் துண்டு ஒன்று கிடந்தது. அதில் காய்ந்திருந்த செம்பொடியில் வினிகரைத் தொட்டுவைத்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. இன்னும் ஒருதரம் தொட்டாள். மாறவில்லை. அது இரும்புத் துருவின் பொடி. வினிகர் பட்டு மஞ்சளாகாது. சிவப்பாக இருந்து, புளி பட்டதும் மஞ்சளாகும் பொடி எது என்று குசினியில் நின்ற எந்தத் தமிழ்ப் பெண்ணும் சொல்லுவாள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. அதில் எலுமிச்சம்புளி விழுந்தால் மறுபடி மஞ்சள்.

அவள் மெதுவாகக் கையை உயர்த்தி நெற்றியைத் தொட்டாள். விரல் நுனியை வேறொரு பஞ்சில் ஒற்றி, வினிகர் ஒரு துளி விட்டாள். அதுவும் மஞ்சளானது. பிறகு, அதே மார்ச்சில் வந்த தலைப்பட்டியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தாள். அந்தப் பட்டிக்கு உள்ளே செம்மண்நிற வெல்வெட் வைத்துத் தைத்திருந்தது; அதனால்தான் ஆறு மாதமாகக் கண்ணில் படவில்லை. வெள்ளைத் துணியால் துடைத்தாள். திருநீறும் குங்குமமும் அப்பிக்கொண்டு வந்தன. டோர்ச் அடித்துப் பார்ப்பதற்காகப் பட்டியை மேலே தள்ளுவாள், வளையத்தைப் பூட்டுவதற்காகக் கீழே இழுப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை தரம்? ஒவ்வொரு தரமும் நெற்றியிலிருந்து நாலு துகள், திறந்து கிடக்கும் குழலுக்குள். ஊரெல்லாம் கள்ளனைத் தேடியவளின் நெற்றியிலேயே கள்ளன் இருந்தான்.

அன்று அவளுக்கு வந்த வெட்கம் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. என்றாலும் வெட்கத்தை விடப் பயம் பெரிதாக இருந்தது. டொனலனிடம் சொன்னால் மேசை போய்விடலாம். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. நாளையிலிருந்து வேறு மாதிரிப் பொட்டு வைத்தால் காரியம் முடிந்தது. வியாழனும் வெள்ளியும் அவள் இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தாள். வெள்ளி மாலை, வேறு பொட்டு என்று யோசித்தபோது லாச்சியின் பின்மூலை நினைவுக்கு வந்தது. கையை விட்டுச் சீசாவை எடுத்தாள்.

நல்லா ஒட்டும், காஞ்சா உதிராது.

அந்த மனிதருக்குத் தெரியுமா? தெரிந்துதான் கொடுத்தாரா? தெரிந்திருந்தால் ஏன் வாயைத் திறக்கவில்லை? சனிக்கிழமை, பட்டறைப் புத்தகத்தில் பார்த்து எழுதிய விலாசத்தோடு, அவர் குடியிருந்த நோபிள் பார்க்குக்கு ரயில் ஏறினாள். மன்னிப்புக் கேட்கப் போனாள் என்று சொன்னால் அது பொய். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் போனாள்.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், செங்கல் மாடிக் குடியிருப்பில், கல்யாணசுந்தரத்தின் மனைவி பத்மா கதவைத் திறந்தாள். ஒல்லியான பெண். நாகேஸ்வரி யார் என்று சொல்லி முடிக்கும் முன்பே பத்மாவின் முகம் மூடிக்கொண்டது. ஆனாலும் உள்ளே வரச் சொன்னாள், கதிரையைக் காட்டினாள். கல்யாணசுந்தரம் டாண்டினோங்கில் மரப்பலகைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பலகைக்கு உப்புத்தாள் போடும் வேலை. கண்ணாடியை இழையிழையாகத் தேய்த்த விரல்களின் நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தன. அவர் எழுந்து நின்று, “வாங்க சிஸ்டர்” என்றார், ஏதோ நேற்றுத்தான் பிரிந்தவர் போல.

நாகேஸ்வரி சீசாவை மேசையில் வைத்தாள்.

“இதை ஏன் எனக்குத் தந்தனீங்கள் எண்டு கேக்கத்தான் வந்தனான்.”

கல்யாணசுந்தரம் மனைவியைப் பார்த்தார். பத்மாதான் பதில் சொன்னாள்.

“நான் குடுத்தனுப்பலைங்க. எங்கிட்ட இருந்ததே அந்த ஒரு சீசா. அவங்களுக்கு வேணும், குடுன்னு இவர்தான் கேட்டு வாங்கிட்டுப் போனார். எதுக்குன்னு எங்கிட்டகூடச் சொல்லல.”

அப்போதுதான் நாகேஸ்வரி பத்மாவின் நெற்றியைக் கவனித்தாள். அங்கே இருந்தது உலர்ந்த குங்குமம்.

கல்யாணசுந்தரம் நின்றுகொண்டே பேசினார். இரண்டாவது லென்ஸ் வந்தபோதே தெரிந்துவிட்டதாகச் சொன்னார். செம்பொடியின் நிறம் அவருக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம், இது அதுவல்ல. பிறகு அவள் பட்டியைத் தள்ளுகிறபோது நெற்றிக் குங்குமம் உதிர்வதைப் பார்த்தாராம். அதற்குப் பிறகு மத்தியானத்தில் அவள் வெளியே போனதும், மூடிய லென்ஸை எடுத்துப் பார்த்து, சிவப்பு இருந்தால் திறந்து ஊதிவிட்டு மூடி வைத்தாராம். ஏழெட்டு லென்ஸ் அப்படித் தப்பியது. ஜூலையில் திரும்பி வந்த ஒன்று மட்டும் அவர் கண்ணில் படாமல் போய்விட்டது. கோடு போட்டிருப்பது தெரியாது என்றார்.

“அப்ப டொனலன் கேக்கேக்க ஏன் சொல்லேல்லை? மூண்டு தரம் கேட்டவரே.”

கல்யாணசுந்தரம் வெடித்த விரலைத் தடவிக்கொண்டார்.

“கோபம் வரலைன்னு சொன்னா பொய், சிஸ்டர். ரொம்ப வந்துச்சு. ஆனா அந்த ஆளுகிட்டச் சொன்னா, அந்த நிமிஷமே உங்களைப் பார்த்து அதை அழிங்கன்னு சொல்லியிருப்பான். அவனுக்கு அது அழுக்கு. உங்ககிட்ட நேரா சொல்லலாம்னா, புருஷனோட நல்லா வாழுற ஒரு பொம்பளைகிட்டப் போய்ப் பொட்டை அழிச்சிட்டு வாங்கன்னு நான் எந்த வாயால சொல்வேன்? வேலைதானே, போனா இன்னொண்ணு வரும்.”

நாகேஸ்வரியின் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அவளால் அதை அடக்க முடியவில்லை, அடக்கவும் நினைக்கவில்லை. அன்றைக்கு அவர் நெற்றிப் பக்கமாகப் பார்த்த பார்வையைக் கள்ளப் பார்வை என்று நினைத்ததை நினைத்தாள். பத்மா உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அதை என்ன ஏது என்று பார்க்காமல் நாகேஸ்வரி குடித்தாள். போகும்போது சீசாவைப் பத்மா பக்கம் நகர்த்தினாள். பத்மா அதைத் திருப்பி அவளுடைய கையில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் டொனலனின் மேசையில் தலைப்பட்டியையும், வெள்ளைத் துணியையும், இரண்டு பஞ்சுகளையும், அந்தக் கம்பளித் துண்டையும் வரிசையாக வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சு இரண்டும் மஞ்சள், கம்பளித் துண்டு மட்டும் சிவப்பு. இருபதில் மிச்சம் இருப்பவற்றையும் திருப்பி எடுத்துச் சம்பளமில்லாமல் துடைத்துத் தருவதாகவும், அதற்குப் பிறகு தன்னை நிறுத்தினால் போய்விடுவதாகவும் சொன்னாள். டொனலன் அவளுடைய நெற்றியைப் பார்த்தார். அங்கே சாந்து, கறுப்பாகக் காய்ந்து, அசையாமல் இருந்தது.

அந்த ஆளுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள்.

“பிறகு ஏன் அவன் சொல்லவில்லை?”

நாகேஸ்வரி வாயைத் திறந்தாள். அவளுடைய ஆங்கிலம் மோசமில்லை. கொழும்பில் பதினொரு வருடம் ஆங்கிலத்தில்தான் அறிக்கை எழுதினாள். பொட்டு என்றால் என்ன என்று சொல்லலாம். கல்யாணம் என்று சொல்லலாம். அதை அழிக்கச் சொல்லும் வார்த்தை ஒருவர் வாயிலிருந்து எப்போது வரும், அதைச் சொல்ல ஏன் ஒரு மனிதன் கூசுவான் என்பதை எங்கேயிருந்து தொடங்குவது? கடைசியில், அவர் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். டொனலன், உங்கள் இரண்டு பேரையும் எனக்கு விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு, கல்யாணசுந்தரத்துக்குக் கடிதம் எழுதக் கடதாசியை எடுத்தார். அவளை நிறுத்தவில்லை.

கல்யாணசுந்தரம் உடனே வரவில்லை. பலகைத் தொழிற்சாலையில் சொல்லிவிட்டு, மூன்று வாரம் கழித்து, செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, அதே பையோடு படியேறி வந்தார். செம்பொடிப் பேணியை எடுத்து வைத்தார். நடுவில் இருந்த மட்டைத் தடுப்பு அங்கே இல்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாகேஸ்வரி மாறிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த நாளும் அவள் பால் போத்தலை அழுத்திப் பார்த்துத்தான் எடுத்தாள். கண்டக்டர் சொன்னதை நம்பவில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், ஒரு லென்ஸை மூடிப் பூட்டியபின், வழக்கம்போலப் பென்சிலைக் கையில் எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். பென்சிலை வைத்துவிட்டு லென்ஸைப் பக்கத்து மேசைக்கு நீட்டினாள்.

“ஒருக்கால் பாருங்கோ, உள்ளுக்கு ஏதும் கிடக்கோ எண்டு.”

கல்யாணசுந்தரம் வாங்கி விளக்கடியில் சரித்துப் பார்த்தார். நாகேஸ்வரி குளிர்ச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவர் பார்த்து முடிக்கும் வரை நிற்காமல், ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போனாள்.